உன் பெயருக்குக் கீழே ஒரு தொழில்

அலுவலக அடையாள அட்டையைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தேன். சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடி, விமானத்தில் கொடுத்த மிட்டாய் எல்லாம் மேசையில் உருண்டன. கூடவே உன் கருமாதிப் பத்திரிகையும் விழுந்தது. கறுப்புக் கரை போட்ட சின்ன அட்டை. உறவுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதில் ஒன்றை மல்லிகா என் பையில் செருகியிருக்கிறாள் போல. உன் தம்பி மனைவிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது.

அதில் உன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'பட்டு ஏற்றுமதித் தொழிலதிபர், ஜெனீவா' என்று இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் உன் தம்பி செல்வம் அதைப் போனில் அனுப்பி, "அண்ணி, ஒரு தபா பாத்துடுங்க" என்றான். நான் பார்த்தேன். உன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, ஊர்ப் பெயர் சரியா என்று பார்த்தேன். பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்த மஞ்சள் படத்தை அனுப்பிவிட்டேன்.

நீ ஒரு கைக்குட்டையைக்கூட ஏற்றுமதி செய்ததில்லை. ஜெனீவாவில் நம் வீட்டில் இருந்த பட்டெல்லாம் என் புடவைகளும், நம் மகள் மதி சின்னப் பெண்ணாக இருந்தபோது உடுத்திய பாவாடையும்தான். அவற்றையும் நீதான் நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி மாற்றி வைப்பாய்.

இந்த மடலில் உன்னை நீ என்றுதான் கூப்பிடப்போகிறேன். நம் வீட்டில் எப்போதும் அப்படித்தானே. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நான் 'என்னங்க'வுக்கு மாறிவிடுவேன். பையை நீ தூக்கப் போனால் பிடுங்கிக்கொள்வேன். நீ சிரித்துக்கொண்டே கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பாய். அந்த நடை உனக்குக் கொஞ்சமும் பொருந்தாது, யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டவன் மாதிரி இருக்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சப் பேர் இல்லை. தேவிகாபுரத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிற வீட்டுப் பெண், பொருளாதாரம் படித்துவிட்டு வெளிநாட்டு வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும். வந்தவர்கள் எல்லாரும், கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாள் அல்லவா என்று என் அப்பாவைக் கேட்டார்கள். நீ மட்டும் என்னிடமே கேட்டாய், நைரோபியில் என்ன அரிசி கிடைக்கும் என்று. ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு விமானம் ஏறினாய். உன் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, "கவர்மெண்டே சொல்லிடுச்சி, நான் இன்னா பண்ணட்டும்" என்றாய்.

முதல் மாதம் நீ வைத்த சாம்பாரை நாம் இருவருமே சாப்பிடவில்லை. அடுத்த வருடம் என் அலுவலகத்தில் பாதிப் பேர் அதைச் சாப்பிட நம் வீட்டுக்கு வந்தார்கள். மதி பிறந்தாள். அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும், பல் முளைத்த காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்ததும், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களுக்கு நடுவே உட்கார்ந்ததும் நீ. நான் வறட்சி வந்த ஊர்களிலும் வெள்ளம் வந்த ஊர்களிலும் இருந்தேன். பேறுகாலத்துக்கு வந்த என் அம்மா, ஆம்பிளை ஒருத்தன் குழந்தைக்குக் கால் கழுவிவிடுவதைப் பார்க்கவே கூசுகிறது என்றாள். நீ அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொடுத்தாய்.

மதியைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை ஆரணி வந்த அன்று, உங்கள் தெருவில் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் நூலைச் சரி பார்க்க வேண்டும் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் கைகொடுக்க வந்து நின்றார்கள். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து நிற்கிற வழக்கம். அத்தனை பேருக்கு முன்னால் உன் அப்பா, நூலிலிருந்து கையை எடுக்காமலே, "அங்க உனுக்கு இன்னாடா உத்தியோகம்" என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். என்ன சொல்லப்போனாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பட்டு எக்ஸ்போர்ட் பண்றாரு மாமா" என்றேன்.

ஆரணித் தெருவில் நின்றுகொண்டு பொய் சொன்னால் வேறு என்ன தொழில் வாயில் வரும். மாமாவின் முகம் மலர்ந்தது. பாவைப் பிடித்திருந்த ஒருவர், எந்த நாட்டுக்கு அதிகமாகப் போகிறது என்று உடனே விசாரித்தார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்து, இப்போதைக்குக் கொஞ்சம் மந்தம்தான் என்றாய். நல்லவேளை, கடையில் இருந்தவனுக்கு வியாபாரப் பேச்சு தெரிந்திருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதிதான் வந்தது. வெட்கம் வரவில்லை என்பதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை வருஷக்கணக்காகக் காப்பாற்றியது நீ. ஊருக்குக் கிளம்பும் முன் டாலர் விலையையும் கச்சாப் பட்டு விலையையும் பரீட்சைக்குப் போகிற பையன் போல மனப்பாடம் செய்வாய். டீக்கடையில் வியாபாரிகள் பிடித்துக்கொண்டால் பேசிச் சமாளித்துவிட்டு வருவாய். முள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் மாதிரிக்கு என்று புடவையோடு வந்து காத்திருந்தபோது, அவர் மனம் நோகாமல் திருப்பி அனுப்ப நீ பட்ட பாட்டை மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கி வரவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எந்த அழைப்பிதழ் வந்தாலும் பெயருக்குப் பெயர் பட்டமும் பதவியும் இருக்கும் அல்லவா. அதில் உனக்கு இந்தத் தொழில் நிரந்தரமாகிவிட்டது. முதலில் ஏற்றுமதியாளர். நாம் ஆரணியில் வீடு கட்டிய பிறகு தொழிலதிபர்.

இதில் இன்னொரு கேவலம் உண்டு. நைரோபியிலும் சரி, பிறகு குடிபோன ஜெனீவாவிலும் சரி, நான் உன்னை ஒளித்ததே இல்லை. அங்கே பெருமையாகச் சொல்வேன், என் கணவர்தான் வீட்டைப் பார்க்கிறார், நான் ஊர் சுற்றுகிறேன் என்று. கேட்டவர்கள் கண் விரியும். என்னை இன்னும் கொஞ்சம் மதிப்பார்கள். அங்கே நீ என் முற்போக்குக்குச் சான்றிதழ். ஆரணியில் நீ என் மானக்கேடு. ஒரே மனுஷனை இரண்டு ஊருக்கு இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

என் வேலை என்ன என்று உன் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வானிலைக்காரி என்று நினைத்துக்கொண்டு, மழை எப்போது வரும் என்று கேட்பார்கள். நீதான் விளக்குவாய். பருவம் தப்பினால் ஒரு குடும்பத்தில் வேலை எப்படிக் கூடுகிறது, கிணறு வற்றினால் யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், வெயிலில் விழுந்தவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த உழைப்புக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் ஏன் இடமில்லை என்று நான் எழுதுவதையெல்லாம் என்னைவிடத் தெளிவாகச் சொல்வாய். மேடையில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்ததும் இடிந்த சுவரைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்கள், வீட்டுக்குள் சேறு அள்ளியவளைக் கணக்கெடுக்க யாரும் வருவதில்லை என்பேன். கை தட்டுவார்கள். அதை வைத்துத்தான் பதவி, பயணம், பெயர் எல்லாம் வந்தது. கணக்கெடுப்புக்கு நான் தயாரித்த கேள்வித்தாளில் ஆண்களுக்கு இருந்த கட்டங்கள் சம்பாதிப்பவர், வேலை தேடுபவர், முதியவர், நோயாளி. நீ எதிலும் சேரமாட்டாய். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அந்தக் கல்லூரி விழா. ஆரணியில் என்னைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, முன்வரிசையில் நம் சொந்தங்கள் எல்லாரும். செல்வத்தின் மகள் யாழினி அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். நீ கருநீலத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தாய். உனக்குப் புதுச்சட்டை வாங்கும் பழக்கமே கிடையாதே என்று மேடையிலிருந்து பார்த்து நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

பேசி முடித்ததும் மாணவிகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். யாழினி எழுந்தாள். சொந்தப் பெரியம்மாவை அவள் மேடம் என்று கூப்பிட்டதற்கே சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மேடம், வீட்டு வேலையையும் கணக்குல சேக்கணும்னு உலகம் பூரா பேசுறீங்க. உங்க வீட்டு வேலைய யாரு செய்யறாங்க?"

உன்னைப் பார்த்தேன். நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாய். பக்கத்தில் செல்வம், அந்தப் பக்கம் பட்டு வியாபாரிகள், பின்வரிசையில் உன் தெரு. அதே தெருதான், பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள்.

"வீட்ல ஆள் வெச்சிருக்கோம்மா. சாருக்கு பிசினஸ், எனக்கு டூரு. வேற இன்னா வழி இருக்குது" என்றேன்.

அரங்கம் சிரித்தது. முதலில் கை தட்டியது நீதான். உன்னைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் யாழினியைப் பிடித்துக்கொண்டேன், நாலு பேர் முன்னால் சொந்த வீட்டு விஷயத்தையா கேட்பது என்று. அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள். நீ காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம், சின்னப் பொண்ணுதானே, உடு என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. எப்போதும் இவன் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிறான் என்று.

நீ போன செய்தி வந்தபோது நான் ஒரு மாநாட்டில் இருந்தேன். ஆடிக்கு ஊருக்குப் போகிறேன் என்று நீ மட்டும் போயிருந்தாய். செல்வம் வீட்டில் காலையில் காபி குடித்துவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாயாம், அவ்வளவுதான். நான் வந்து சேரும்வரை உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மதியும் அமெரிக்காவிலிருந்து வந்தாள். அந்த நாட்களில் எல்லாவற்றையும் நான் யோசிக்காமல்தான் செய்தேன், பத்திரிகைக்குச் சரி சொன்னதும் அப்படித்தான். பழக்கமான வார்த்தை, கண் அதன்மேல் நிற்கவில்லை.

பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு ஒரு மத்தியானம் யாழினி உன் துணிகளை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கருநீலச் சட்டை வந்ததும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத பெரியப்பா ஒரே ஒரு தபாதான் போட்டாரு பெரியம்மா. காலேஜ் ஃபங்ஷன் அன்னிக்கு."

தெரியும் என்றேன்.

"அன்னிக்கு அந்தக் கேள்விய கேக்கச் சொன்னதே அவருதான்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எனுக்கும் நம்ப ஆளுங்ககிட்ட சொல்லிக்கணும் போல இருக்குதும்மா, நான் சொன்னா நம்ப மாட்டாங்க, உங்க பெரியம்மா சொன்னா நம்புவாங்க, அவ இந்த விசயத்துல மறைக்கமாட்டான்னு சொன்னாரு. கேட்டதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து சாரிம்மா, உன்ன மாட்டி உட்டுட்டேன்னாரு."

என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாலை மட்டும் இல்லை, அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஜெனீவாவுக்குத் திரும்பி வந்து வழக்கம்போலச் சமைத்தாய், என் பயணப் பெட்டியில் எலுமிச்சம் சாதம் கட்டி வைத்தாய், சட்டையை மட்டும் ஆரணியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். உன் கோபத்தை நான் தாங்கியிருப்பேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நான் சொல்லப்போகிறேன் என்று நம்பி நிமிர்ந்திருக்கிறாய்.

செல்வத்தைக் கூப்பிட்டு, பத்திரிகையை மாற்ற வேண்டும் என்றேன். விஷயத்தையும் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடையவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சேத்துப்பட்டுவரைக்கும் கொடுத்தாகிவிட்டது என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவ்ளோ நாளா அண்ணன் சம்பாத்தியம்னு சொல்லிகினுதான் நாங்க தலை நிமிந்து நடக்கறோம். செத்தவர் மானத்த வாங்காதீங்க அண்ணி."

மானம் என்று அவன் சொன்னது நான் உனக்குத் தைத்துப் போட்ட மானம். அவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது.

கருமாதி அன்று மண்டபத்தில் உன் படத்தைத் திறந்து வைத்தார்கள். வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒருவர், அயல்நாட்டில் ஆரணிப் பட்டின் பெயரை நிலைநாட்டியவர் என்று பேசினார். இன்னொருவர், சொன்ன தேதியில் சரக்கு அனுப்புகிற நாணயஸ்தர் என்றார். எந்தச் சரக்கு என்று அவருக்கும் தெரியாது. நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன். 

"அவருக்கு எந்த பிசினஸும் கெடையாதுங்க. ஒரு பொடவகூட அவரு வித்ததில்ல. நான் வேலைக்குப் போனேன். அவரு சமைச்சாரு, தொவைச்சாரு, பொண்ண வளத்தாரு. அவரு செஞ்ச வேலை அதுதான். எக்ஸ்போர்ட்னு உங்ககிட்ட சொன்னது நான். அது பொய்யி."

 பிறகு அந்தச் சங்கத்துக்காரர் நிதானமாக என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. இந்த அம்மா, துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறார்கள், ஆனால் ஒன்று பாருங்கள் என்றார். அவ்வளவு பெரிய தொழிலை வைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்காகக் கரண்டியும் பிடித்திருக்கிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட மனசு என்றார். மண்டபம் உச்சுக் கொட்டியது. நீ செய்த வேலையையும் பறித்து அந்தத் தொழிலதிபருக்கே கொடுத்துவிட்டார்கள். நான் இல்லை, இல்லை என்றேன். மைக் இல்லாமல் யாருக்குக் கேட்கும். மதி வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். இப்போ சொல்லி என்னம்மா என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. யாழினி என்னைப் பார்க்காமல் சாப்பாட்டு இலை போட எழுந்து போனாள்.

அதோடு முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் மிஞ்சியிருக்கும். சொல்லிப் பார்த்தேன், ஊர் கேட்கவில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது.

மதி முன்னதாகவே புறப்பட்டுவிட்டாள். நான் காரில் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். டிரைவருக்கு என் வயது இருக்கும். செய்யாற்றுக்காரர், அமைதியான மனிதர். ஆரணியில் சவாரி ஏற்றுவாரே தவிர யாரையும் தெரியாது என்றார். நல்ல வெயில். ஊர் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "சாரு தவறிட்டாருங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  பாட்டைப் போடப் போன கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னா பண்ணிகினு இருந்தாருங்க?" என்றார்.

"பட்டு எக்ஸ்போர்ட்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. மண்டபத்தில் எழுந்து நின்றவள் அதே வாயால் சொன்னேன். நல்ல தொழிலுங்க என்று அவர் தலையாட்டினார். நானும் ஆமாம் என்றேன்.

காஞ்சிபுரம் வரும்வரை அதைத் திருத்த வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டேன். இப்போது இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் காரில்தான் இருக்கிறேன். அவருக்கு உன்னைத் தெரியாது, உன் தெருவைத் தெரியாது. அவரிடம் காப்பாற்ற எந்த மானமும் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் சமைத்தார், பெண்ணை வளர்த்தார், அதுதான் அவர் வேலை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார்.